மதப்பற்றும் ஆன்மிகமும்: பிரித்துப் பார்க்க முடியுமா?

கீழ்வானம்:
“மதம் வேண்டாம், ஆன்மிகம் போதும்” என்பவர்களை அரைகுறைகள் என்று பலரும் ஒதுக்குகிறார்கள். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்கெடுப்பில் பெரியவர்களில் 22 சதவீதம் பேர் அந்த வகையில் வந்தார்கள். இத்தனை பேரும் சோம்பேறிகளா? ‘நீ யாரைச் சேர்ந்தவன், எதை ஏற்கிறாய்’ என்று மதம் கேட்கிறது. ‘உனக்குள் என்ன நடக்கிறது’ என்பது ஆன்மிகத்தின் கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமலே இரண்டாவதில் இறங்கலாம்.

பனையோலை:
இறங்கலாம், எத்தனை நாள் நிற்பீர்கள்? தியானத்தில் முதல் வாரம் இதமாக இருக்கும். போகப்போகச் சலிப்பு வரும், உட்கார்ந்ததும் கண் சொக்கும், ‘இந்த முறை ஒத்துவரவில்லை’ என்று மனம் வேறொன்றைத் தேடும். பலர் விட்டுவிடுவது இங்கேதான். 16ஆம் நூற்றாண்டில், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா வகுத்த பயிற்சியில் இதற்கென்றே விதி இருக்கிறது: மனம் வறண்ட நேரத்தில், முன்பு எடுத்த முடிவை மாற்றாதே, ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்திருந்தால் அதற்கு மேலும் சற்று இரு. இப்படிப்பட்ட அனுபவ அறிவு தலைமுறை தலைமுறையாக மதங்களுக்குள்தான் சேர்ந்திருக்கிறது.

எஸ்.என். கோயங்கா பரப்பிய விபாசனா தியானத்தையே பாருங்கள். எந்த மதத்தையும் சாராதது என்றுதான் அறிவிக்கிறார்கள். ஆனால் 10 நாள் முகாமில் ஐந்து சீலம் என்ற ஒழுக்க விதிகள், மௌனம், விடியற்காலை 4 மணிக்கு மணியோசை, முதல் மூன்று நாளும் மூக்கருகே மூச்சு மட்டும், நான்காம் நாள்தான் உடல் உணர்வுகள். இந்த வரிசை பௌத்தம் தந்தது.

கீழ்வானம்:
தந்தது பௌத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் விதி எங்கே கெடுகிறது என்பதையும் பேசுவோம். ஜபமாலையை எடுத்துக்கொள்ளுங்கள், 108 மணி. பழகப் பழக விரல் தானாக உருட்டும். கட்டைவிரல், சுற்றின் முடிவைக் காட்டும் மேருமணியில் இடித்த பிறகுதான் ‘சுற்று முடிந்துவிட்டதா’ என்று மனம் விழிக்கும். நடுவில் 70 மணி எங்கே போனது என்று தெரியாது. இதைச் சரிசெய்யலாம்: 27 மணியாகக் குறைத்து, ஒரு மணிக்கு ஒரு வெளிமூச்சு என்று பொருத்தி, கவனம் சிதறினால் முதல் மணிக்கே திரும்ப வேண்டும். மதப்பற்று மட்டும் உள்ளவர் இதற்குத் தயங்குவார். அவருக்கு 108 என்பது கடன். எண்ணிக்கை தீர்ந்தால் கடன் தீர்ந்தது.

அகல்:
நீங்கள் சொல்லும் பிளவு மதத்துக்கு உள்ளேயே இருக்கிறதே. ஆல்போர்ட், ராஸ் என்ற உளவியலாளர்கள் 1967லேயே மதப்பற்றை இரண்டாகப் பிரித்து அளந்தார்கள்: மதத்தை மதிப்புக்கும் ஆதாயத்துக்கும் பயன்படுத்துவது ஒன்று, மதத்தையே வாழ்வது இன்னொன்று. சைவ சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் நான்கும் ஒரே ஏணி. சரியை உடம்பால் செய்யும் தொண்டு. கடைசிப் படி ஞானம். சாதி சமயத்தையும் சடங்கையும் உதறிய வள்ளலார்கூட 1865இல் சங்கம், 1867இல் தருமசாலை, 1872இல் ஞானசபை என்று அமைப்புகளைக் கட்டினார்.

பனையோலை:
அதைத்தான் சொல்கிறேன், அமைப்பு இல்லாமல் நிற்காது. ஆபத்தும் இருக்கிறது. தியானத்தில் சிலருக்குப் பயம், தூக்கமின்மை, ‘நான்’ என்ற உணர்வே கழன்றுபோவது எல்லாம் வரும் என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விரிவாகப் பதிவு செய்தார்கள். அப்போது நீண்ட அமர்வை நிறுத்த வேண்டும், தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும், அடங்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். தனியே செய்பவருக்கு யார் சொல்வது?

கீழ்வானம்:
ஐயா, அந்த ஆய்வில் பேட்டி கொடுத்தவர்கள் தேரவாதம், ஜென், திபெத்தியம் என்று பௌத்த மரபுகளில் பயின்றவர்கள். பலர் ஆசிரியர்களே. மரபு அவர்களைக் காப்பாற்றவில்லையே.

பனையோலை:
இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி, என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சாவைப் பற்றி யோசியுங்கள். யூதர்களிடம் 7 நாள் துக்கம், பிறகு 30 நாள், பெற்றோருக்கு 12 மாதம் என்று அளவு இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் சொல்லும் கத்தீஷ் என்ற வழிபாட்டுக்கு 10 பேர் கூட வேண்டும். துக்கப்படுபவர் தனியே கதவைச் சாத்திக்கொள்ள அந்த விதி விடாது. மூச்சைக் கவனிக்கச் சொல்லும் எந்த செயலியால் 10 பேரைக் கூட்ட முடியும்?

கீழ்வானம்:
முடியாது. அது பெரிய கொடை, மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 10 பேர் கணக்கில் பழைய மரபைக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் யூதச் சபைகள் பெண்களைச் சேர்ப்பதில்லை. தந்தையை இழந்த மகள் அங்கே போய் நின்றால் அவள் எத்தனையாவது ஆள்?