பொருள்: சொற்பட்டியல் – ‘கட்-ஆஃப்’ அளவுக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பங்களுக்கான நீதிமன்றச் சொற்பட்டியலில், போதைப்பொருள் சோதனை அறிக்கைகளில் வரும் ‘கட்-ஆஃப்’ மட்டும் காலியாகக் கிடக்கிறது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குச் சொல்லும் ‘வெட்டுப்புள்ளி’யையே வைத்துக்கொள்ளலாமா? இல்லை, ‘வரம்பு’ போதுமா?
– மு.

~~~

மு. ஐயா,

‘வரம்பு’ வேண்டாம். அதைச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது. மலேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் வாகனமோட்டிக்கு 100 மி.லி. இரத்தத்தில் 50 மி.கி. மது என்பது சட்ட வரம்பு (முன்பு 80). சிறுநீரில் 67 மி.கி., மூச்சில் 22 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் குற்றம். கட்-ஆஃப் அப்படியல்ல, எந்த அளவிலிருந்து ‘பாசிட்டிவ்’ என்று எழுதலாம் என ஆய்வுக்கூடம் கடைப்பிடிக்கும் அளவு அது.

ஒரே சிறுநீருக்கு இரண்டு கட்-ஆஃப் இருப்பதுதான் குழப்பத்தின் வேர். அமெரிக்க அரசுப் பணியிட விதிகளில் கஞ்சாவுக்கு முதற்சோதனையில் மி.லி.க்கு 50 நானோகிராம், உறுதிச் சோதனையில் 15. முதற்சோதனையின் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), கஞ்சா உடலில் சிதைந்து உண்டாகும் பல சிதைபொருள்களையும் சேர்த்துப் பிடிக்கும். உறுதிச் சோதனையின் வளிம நிறப்பகுப்பு-நிறைமானிக் கருவி (GC-MS) அவற்றில் ஒரே ஓர் அமிலத்தை மட்டும் அளக்கும். முதலில் 60, பிறகு 20 என்று வந்தால் முரண் ஏதும் இல்லை. வழக்கறிஞர்கள் இதில்தான் வீணாக மல்லுக்கட்டுகிறார்கள்.

அளவை எங்கே வைப்பது என்பதும் மாறக்கூடியது. அதே விதிகளில் மார்ஃபினுக்கு மி.லி.க்கு 300 நானோகிராமாக இருந்ததை 1998இல் 2000 ஆக்கினார்கள்; கசகசாவிலும் சிறிது மார்ஃபின் இருப்பதால் அதைத் தின்றவர்களும் மாட்டிக்கொண்டதே முக்கியக் காரணம். ஹெராயினும் உடலில் மார்ஃபினாகவே மாறுவதால், ஹெராயின்தான் என்று சொல்ல அதன் தனிச் சிதைபொருளான 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் வேண்டும். அது சிறுநீரில் ஒரு நாளுக்குமேல் தங்குவது அரிது. ஆகவே அது கிடைக்காததால் ஹெராயின் எடுக்கவில்லை என்றாகிவிடாது. சளி மருந்திலுள்ள சூடோஎபெட்ரின், ஆம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளுக்கான முதற்சோதனையை ஏமாற்றலாம். உறுதிச் சோதனை இல்லாத அறிக்கையை நான் ஏற்கமாட்டேன்.

எனவே அறிக்கையை மறுபரிசீலிப்பவர் முதலில் எண்ணையும், எந்தக் கட்-ஆஃபுடன் அது ஒப்பிடப்பட்டது என்பதையும் பார்ப்பார். அடுத்து, சிறுநீரில் இயல்பாக வெளியேறும் கழிவுப்பொருளான கிரியாட்டினின்: 100 மி.லி.க்கு 20 மி.கி.க்குக் கீழே இருந்தால் நீர்த்த சிறுநீர். அந்த ‘நெகட்டிவ்’ பலமற்றது. மது வழக்கென்றால் இரத்த மாதிரி எடுத்த சோதனைக்குழாயில், அதைக் கெடாமல் காக்கும் சோடியம் ஃபுளோரைடு இருந்ததா, முத்திரை உடையாமல் வந்ததா, குளிரில் வைத்தார்களா என்று கேட்பார். ஃபுளோரைடு இல்லாமல் நம் ஊர் வெப்பத்தில் கிடந்தால், கிருமி புகுந்த இரத்தத்தில் மது புதிதாகவே உருவாகலாம்.

‘வெட்டுப்புள்ளி’ பரீட்சை வாசனை அடிக்கிறது. ‘பிரிப்பளவு’ என்பேன்.
– இரா.

~~~

‘பிரிப்பளவு’ கணக்குப் பாடம் போல ஒலிக்கிறதே. ‘பிரிகோடு’?
– க.

~~~

க. அம்மா, கோட்டுக்கு நானோகிராம் ஒட்டாது. “பிரிப்பளவு 50” என்றால் உடனே புரியும்.

இன்னொன்று. ‘நெகட்டிவ்’ என்பதை ‘போதைப்பொருள் இல்லை’ என்று மொழிபெயர்ப்பதை நிறுத்த வேண்டும். பிரிப்பளவு 50 என்றால் 49 உள்ளவருக்கும் அதே சொல்தான் வரும். ‘பிரிப்பளவை எட்டவில்லை’ என்பதே சரி. கருவி கண்டுகொள்ளக்கூடிய மிகக் குறைந்த அளவு இதற்கும் கீழே. அதற்குக் ‘காணளவு’ என்று தனிச்சொல் வைக்கலாம்.
– இரா.

~~~

சரி. சட்ட வரம்பு, பிரிப்பளவு, காணளவு மூன்றையும் அடுத்தடுத்த வரிகளில் சேர்க்கிறேன். ‘உறுதிச் சோதனை’க்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.
– மு.