முதல் ஸ்கூட்டர்: பக்கத்துத் தெருவின் பழைய வண்டியா, கடனில் புது வண்டியா?

விடியற்பணி, ராமமூர்த்தி நகர்:

வணக்கம். பெங்களூரு இந்திரா நகரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பென்னிகானஹள்ளியிலிருந்து மெட்ரோ இருக்கிறதே என்று கேட்பீர்கள். வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கே இரத்தம் எடுக்கும் இருக்கையில் நான் இருக்க வேண்டும். மற்ற நாட்களில் இரவு ஒன்பதரைக்குத்தான் வேலை முடியும். அந்த இரண்டு நேரத்திலும் வீட்டுக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. போகவர ஒரு நாளைக்குச் சுமார் 18 கிலோமீட்டர். சில நாள் எட்டு வயது மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போக வேண்டும். சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். ஸ்கூட்டர் இதுவரை ஓட்டியதில்லை, உரிமமும் இனிமேல்தான் எடுக்க வேண்டும்.

கையில் 45,000 ரூபாய் சேமித்து வைத்திருக்கிறேன். என் முன்னே மூன்று வழிகள் உள்ளன. பக்கத்துத் தெருவில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், 2019 ஜூனில் பதிவான 110 சி.சி. ஸ்கூட்டரை 42,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். ஒரே உரிமையாளர், கே.ஏ. 03 என்ற உள்ளூர்ப் பதிவு, 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெயர் மாற்றத்தைப் பிறகு மெதுவாகச் செய்துகொள்ளலாம் என்கிறார். இரண்டாவது, புது வண்டி. ஷோரூமில் எல்லாம் சேர்த்து 98,000 சொன்னார்கள். 38,000 கட்டினால் மீதி 60,000-ஐ 10 சதவீத வட்டியில் மாதம் 3,000 வீதம் இரண்டு ஆண்டுகளில் அடைத்துவிடலாமாம். மூன்றாவது, கிருஷ்ணகிரியில் இருக்கும் என் தம்பி தன் பழைய ஸ்கூட்டரைப் பணம் வாங்காமலே தருகிறேன் என்கிறான்.

எந்த நிறுவனத்தின் வண்டி நல்லது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிய வேண்டியது, முதன்முதலாக ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒருத்திக்கு இந்த மூன்றில் எது பொருந்தும் என்பதுதான்.

அல்சூர்க்காரர்:

வணக்கம் அம்மா. ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உறவுக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் பழைய வண்டி பார்த்துக் கொடுப்பது இன்றும் தொடர்கிறது. பக்கத்துத் தெரு வண்டியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆறு ஆண்டுகளாக ஒரே ஆள் ஓட்டிய வண்டி, அந்த ஆளும் உங்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறார் என்றால், அதன் வரலாறு உங்களுக்குப் பாதி தெரிந்ததாகிவிடும். கற்றுக்கொள்ளும்போது வண்டி இரண்டு மூன்று முறை சாயத்தான் செய்யும். புது வண்டியின் பக்கவாட்டில் விழும் முதல் கீறலை நினைத்தே பயந்து பயந்து ஓட்டுவது கற்பவருக்கு நல்லதல்ல.

ஆனால் பெயர் மாற்றத்தைப் பிறகு செய்துகொள்ளலாம் என்ற அந்தப் பேச்சை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அதில் அவருக்கே உள்ள ஆபத்து தெரியாமல் சொல்கிறார். வண்டியை விற்றுவிட்டாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் அவரே முன்வந்து கையெழுத்திடுவார். ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழில் கடன் குறிப்பு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், அந்தக் குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் வேண்டும். வண்டி எண்ணை வைத்துப் போக்குவரத்துக் காவல்துறையின் அபராத பாக்கியையும் பாருங்கள். இந்த ஊரில் கேமரா படம் பிடித்துப் போடும் அபராதம் உரிமையாளருக்கே தெரியாமல் சேர்ந்து கிடக்கும். 2023 பிப்ரவரியில் பாதித் தொகை கட்டினால் போதும் என்று அரசு சலுகை கொடுத்தபோது, கட்டுவதற்கு மக்கள் வரிசையில் நின்றதைப் பார்த்திருப்பீர்கள்.

காப்பீட்டை அவசியம் கேளுங்கள். 2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு (விபத்தில் பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டுவது) சேர்த்தே எடுக்கப்பட்டிருக்கும். 2019 ஜூன் வண்டி என்றால் அது 2024 ஜூனோடு முடிந்திருக்க வேண்டும். ஐந்தாண்டு இதை நினைக்கவே தேவையில்லாமல் இருந்தவர்கள் புதுப்பிக்க மறந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி வண்டி. காலையில், அவர் எடுத்து ஓட்டுவதற்கு முன்பே போய் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும். வாங்க வருபவர் வருவதற்குள் சூடேற்றி வைத்த வண்டி எதையும் காட்டிக்கொடுக்காது. ஸ்டார்ட் செய்தபின் புகை நீலமாக வந்துகொண்டே இருந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள், அந்த வண்டியை விட்டுவிடலாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தை இரு கையாலும் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்; ஆட்டம் இருக்கக் கூடாது. ஓட்டத் தெரிந்த ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள். கிளம்பும்போது வண்டி வெடவெடவென்று உதறினால் கிளட்ச் ஷூ தேய்ந்திருக்கும்; அது செலவுதான், பெரிய குறை அல்ல. எஞ்சினின் விசையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டை எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். ஆக்டிவா போன்ற வண்டிகளில் சுமார் 24,000 கிலோமீட்டரில் அதை மாற்றிவிட வேண்டும். 31,000 ஓடிய வண்டியில் மாற்றாமல் இருந்தால் நீங்கள்தான் மாற்ற வேண்டியிருக்கும். பெல்ட் அறுந்தால் எஞ்சின் ஓடும், வண்டி நகராது. காலை ஐந்தரை மணி இருட்டில் டின் ஃபேக்டரி சந்திப்புப் பக்கம் அப்படி நிற்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 1219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் தேயாமல் இருந்தாலும் அத்தனை பழைய ரப்பர் மழையில் பிடிக்காது.

இந்த ஊருக்கென்றே உள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் மழையில் சர்ஜாபூர் சாலை, வெளிவட்டச் சாலைப் பக்கக் குடியிருப்புகளின் தரைக்கீழ் நிறுத்துமிடங்களில் வண்டிகள் மூழ்கிப்போயின. உங்கள் வண்டி அந்தப் பக்கத்தது அல்ல. இருந்தாலும் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியின் மூலைகளில் வண்டல் படிவு, மீட்டருக்குள் ஈரப் படிவு, கால் வைக்கும் தளத்துக்குக் கீழே துரு ஆகியவை இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஈஜிபுரா வாசகி:

பெரியவர் சொன்ன சோதனைகள் அத்தனையும் சரி. ஆனாலும் நான் புது வண்டிக்காகப் பேச வேண்டியிருக்கிறது. நான் முதலில் வாங்கியது பழைய வண்டிதான்; முதல் எட்டு மாதத்தில் ஐந்து முறை மெக்கானிக்கிடம் நின்றேன். செலவைவிட, ஒவ்வொரு முறையும் பாதி நாள் விடுப்பு எடுத்ததுதான் என்னை அதிகம் வாட்டியது. நேரத்துக்கு இருக்கையில் இருந்தே ஆக வேண்டிய வேலையில் இருப்பவருக்கு வண்டி காலையில் உடனே கிளம்ப வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். புது வண்டியின் விலை இறங்கியபின் பழைய வண்டிக்குப் பழைய விலையையே கேட்பது நியாயமாகத் தெரியவில்லை, 42,000 அதிகம்.

அதே சமயம், உங்களுக்குச் சொல்லப்பட்ட கடனை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். 60,000-க்கு மாதம் 3,000 வீதம் 24 மாதம் என்றால் 72,000 கட்டுகிறீர்கள். பார்க்க ஆண்டுக்கு 10 சதவீதம் போலத் தெரியும். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்போதும் முழு 60,000-க்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். குறையும் அசலுக்கு மட்டும் கணக்கிட்டால் அது 18 சதவீத வட்டி. ‘பிளாட்’ வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலும் கேட்டுப் பாருங்கள்.

எடையையும் யாரும் சொல்லவில்லை. ஆக்டிவா 110 சுமார் 106 கிலோ, யமஹா ஃபசினோ 125 சுமார் 99 கிலோ. தாளில் ஏழு கிலோதான். சரிவான வாசலில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்போது அது நன்றாகத் தெரியும். புதிதோ பழையதோ, உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பதிகின்றனவா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள். மின்சார ஸ்கூட்டர் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். மாதம் 450 கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்தான் செலவு. அதை மிச்சப்படுத்த வாடகை வீட்டில் சார்ஜ் செய்யும் இடத்துக்காக உரிமையாளரிடம் நிற்க வேண்டியிருக்கும்.

எதை வாங்கினாலும் வண்டியை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். காப்பீட்டோடு எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, உரிமம் உள்ள உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டுமே பொருந்தும். கணவர் பெயரில் வண்டி இருந்து நீங்கள் ஓட்டினால் அந்தக் காப்பு உங்களுக்குக் கிடையாது.

எலக்ட்ரானிக் சிட்டி பயணி:

தம்பி தரும் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தவற்றைச் செய்தவன் நான். தர்மபுரியிலிருந்து அப்பாவின் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து இங்கே ஓட்டினேன். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு முதலில் ஊரில் பதிவு செய்த அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே வண்டியின் வயதுக்கேற்ப வாழ்நாள் வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் எஞ்சியதைத் திரும்பப் பெறத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். நான் நான்கு முறை ஊருக்குப் போய்வந்தேன், ஏழு மாதம் ஆனது. வழியில் நிறுத்தப்படும் ஒவ்வொரு முறையும் எப்போது இங்கே வந்தீர்கள் என்ற கேள்விக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. பணம் வாங்காமல் கிடைத்த அந்த வண்டிக்கு நான் செலவழித்த நாட்களைக் கணக்கிட்டால் அது மலிவான வண்டியே அல்ல. தம்பியின் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், வண்டியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

விடியற்பணி, ராமமூர்த்தி நகர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போனோம். எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது, இரண்டாவது அழுத்தலில் கிளம்பியது, புகை இல்லை. இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிகின்றன. டயர் இரண்டிலும் 2019-ஆம் ஆண்டு எண்தான். பெல்ட் மாற்றியதே இல்லை என்று அவரே சொன்னார். காப்பீடு, பெரியவர் சொன்னதுபோலவே, 2024 ஜூனில் முடிந்திருக்கிறது. அவர் இதுவரை அறியாமலேயே மருந்துக்கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சொன்னதும் முகம் வாடிவிட்டது. தலைக்கவசம் இல்லாமல் போனதற்காக இரண்டு அபராதங்களும் பாக்கி இருந்தன.

புது வண்டியைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். வங்கியில் கேட்ட வட்டி, ஷோரூம் சொன்னதைவிடக் குறைவுதான். ஆனாலும் மாதத் தவணை ஓடும்போது மகளின் பள்ளிக் கட்டணம் வரும் ஜூன் மாதத்தை எப்படித் தாண்டுவேன் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. இரண்டு டயர், பெல்ட், ரோலர் ஆகியவற்றுக்கு எங்கள் பக்கத்து மெக்கானிக் சொன்ன தொகையை வண்டிக்காரரிடமே காட்டினேன். அபராதத்தையும் காப்பீட்டையும் தாமே கட்டி, 35,000-க்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். பெயர் மாறிய பிறகே பணம் முழுதும் என்று பேசியிருக்கிறோம். நேற்று பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். மிச்சப் பணத்தில் எனக்கும் மகளுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசங்கள் வாங்குகிறேன்.

ஒரே ஒரு ஐயம். காப்பீடு இத்தனை நாள் விட்டுப்போயிருப்பதால் பெயர் மாற்றத்தில் சிக்கல் வருமா?

அல்சூர்க்காரர்:

காப்பீட்டைப் புதுப்பித்துவிட்டால் வராது அம்மா. நடப்பிலுள்ள காப்பீடும் புகைச் சான்றும் இருந்தால்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பத்தை ஏற்பார்கள். ஆகவே முதலில் அவர் பெயரிலேயே மூன்றாம் தரப்புக் காப்பீட்டை எடுக்கச் சொல்லுங்கள். 75 முதல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு ஓராண்டு அடிப்படைக் கட்டணம் 714 ரூபாய், வரி தனி. பெயர் மாறியதும் 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். உரிமம் கைக்கு வந்தவுடன் தனிநபர் விபத்துக் காப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம்.

பெல்ட் மாற்றும்போது அருகிலேயே நின்று, கழற்றிய பழைய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பின்னுக்கு மடக்கிப் பாருங்கள். பல்லிடுக்குகளில் வெடிப்பு தெரியும். அடுத்த முறை எப்போது மாற்ற வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது. அன்றைய கிலோமீட்டரை இருக்கைக்கு அடியில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.