புதுப்பிப்பு: பேட்டரி நெய்லர் வாங்கி பேஸ்போர்டு அடித்தாயிற்று

டொராண்டோ வீட்டில் பேஸ்போர்டு (சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் பலகை) மாற்ற 18 கேஜ் நெய்லர் (ஆணி அடிக்கும் கருவி) போதுமா, 16 கேஜ் வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கேஜ் என்பது ஆணியின் தடிமன் அளவு; எண் குறைந்தால் ஆணி தடிமன். கடைசியில் 16 கேஜ்தான் வாங்கினேன். பலகை அரை அங்குலம், டிரைவால் (சுவரின் ஜிப்சம் பலகை) அரை அங்குலம்; 2 அங்குல ஆணி போட்டால் அதன் பின்னால் இருக்கும் ஸ்டட்டுக்குள் (சுவருக்குள் நிற்கும் மரச்சட்டம்) ஒரு அங்குலம் இறங்கும். 18 கேஜிலும் 2 அங்குல ஆணி உண்டுதான். ஆனால் கதவைச் சுற்றிய சட்டத்துக்கு எனக்கு இரண்டரை தேவைப்பட்டது.

பேட்டரியில் ஓடுவதால் காற்று கம்ப்ரசர் இரைச்சலும் குழாயும் இல்லாதது பெரிய நிம்மதி. எடைதான் தொல்லை, மறுநாள் மணிக்கட்டு வலித்தது. முதல் அறையில் ஆணித்தலை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ஆழம் மாற்றும் சக்கரத்தைத் திருகினேன். அப்புறம் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் ரொம்ப ஆழமாகப் போய்விட்டது! மிச்சத் துண்டில் நாலு ஆணி அடித்துப் பார்த்துவிட்டு சுவருக்குப் போயிருக்க வேண்டும்.

இரண்டு முறை ஆணி சிக்கியது. பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் நெய்லரின் மூக்கை (ஆணி வெளிவரும் முனையை) திறந்தேன். இன்னொரு ஆணி வளைந்து பலகையின் பக்கவாட்டில் எட்டிப்பார்த்தது. விரலைத் தள்ளி வைத்திருந்ததால் தப்பித்தேன்.

பேஸ்போர்டும் தரையும் சேரும் இடத்தில் வைக்கும் மெல்லிய குவார்ட்டர் ரவுண்ட் (கால்வட்ட மரப்பட்டை) மட்டும் 16 கேஜுக்குப் பிளந்துவிட்டது. அதற்கு நண்பரின் 18 கேஜை இரவல் வாங்கினேன். இனி புட்டியும் பெயின்டும்தான் பாக்கி.