‘ஸ்டேஜிங் ஏரியா’வுக்குத் தமிழ்: மேடையா, பாசறையா, சிட்டையா?

பள்ளத்தூர்:
அனைவருக்கும் வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கான செய்முறைக் கைநூல் வெள்ளிக்கிழமை காரைக்குடியில் அச்சுக்குப் போகிறது. விசைப்பலகை, எடிட்டர், முனையம் மூன்று இயல்களும் முடிந்தன. கோப்புகளில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளுக்கான இயலில் ஒரு சொல் மட்டும் நிற்கிறது: ஸ்டேஜிங் ஏரியா. நாம் திருத்தும் வேலைக் கோப்புறைக்கும், மாற்றங்களை அந்த வரலாற்றில் நிலையாகச் சேர்க்கும் கமிட்டுக்கும் நடுவே உள்ள இடம். இப்போதைக்குத் ‘தயார்ப் பகுதி’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. பெயராகவும் வினையாகவும் வர வேண்டும். அங்கே ஏற்றியதை நீக்கும் ‘அன்ஸ்டேஜ்’ என்பதற்கும் அதிலிருந்தே சொல் பிறக்க வேண்டும்.

தேவகோட்டை:
மேடை. மேடையேற்று, மேடையிறக்கு. பிள்ளைகளுக்குக் கேட்டவுடன் புரியும், ஆச்சி. வேலை முடிந்தது.

குன்றக்குடி:
புரியும், ஆனால் தவறாகப் புரியும். ஆங்கிலத்தில் ஸ்டேஜிங் ஏரியா என்றால் படை புறப்படுமுன் ஆளும் தளவாடமும் திரளும் இடம். நாடகத்துக்கு அங்கே வேலை இல்லை. அந்த இடத்துக்குத் தமிழில் பாசறை இருக்கிறது. பசுமை + அறை. ‘மை’ கெட்டு, முதல் நீண்டு, பாசறை. பசுமை + இலை பாசிலை ஆகும் அதே ஆதி நீடல்தான். பச்சைத் தழையால் வேய்ந்த குடில் என்பதால், இது நிலையான இருப்பிடம் அன்று என்ற குறிப்பும் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கட்டூர் என்றும் ஒரு பழஞ்சொல் உண்டு. ஊர்ப்பெயரோடு குழம்பும் என்பதால் அதை விட்டுவிடலாம். படையின் முன்னணிக்குத் தார் என்பார்கள். அந்த வழியில் ‘தார்நிலை’யும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

புதுவயல்:
தார் என்றதும் பிள்ளைகளுக்குச் சாலைதான் நினைவுக்கு வரும், ஐயா. நம் வீட்டுச் சொல்லையே எடுத்தால் என்ன? முகப்பு. வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்துக்குள், போகுமுன் நிற்கிற இடம்.

பள்ளத்தூர்:
முகப்பு என்பதை இணையதளங்களில் முதல் பக்கத்துக்குக் கொடுத்தாயிற்று. இரண்டாம் இயலில் நாமே அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

கானாடுகாத்தான்:
பாசறை அழகான சொல், ஐயா. ஆனால் ‘இந்த மாற்றத்தைப் பாசறைப்படுத்து’ என்று ஆய்வகத்தில் யார் சொல்வார்கள்? பொருளும் இடறுகிறது. பாசறையில் தங்குவது படையேதான். இங்கே கோப்பு எங்கும் நகர்வதில்லை. மாற்றத்தை ஏற்றும் கிட் ஆட் கட்டளையைக் கொடுத்த அந்த நொடியில் கோப்பில் என்ன இருந்ததோ, அதன் நகலைக் கிட் தன் கிடங்கில் எழுதிவிடுகிறது; இன்ன பாதைக்கு இன்ன நகல் என்று இன்டெக்ஸ் கோப்பில் குறித்துக்கொள்கிறது. பிறகு கோப்பைத் திருத்தினால் அந்த நகல் மாறாது. அதனால்தான் நிலவரம் காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளை ஒரே கோப்பை ஏற்றியவை, ஏற்றாதவை என்ற இரண்டு பட்டியலிலும் காட்டுகிறது. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்: ஆட் கொடுத்து, பிழையைத் திருத்தி, கமிட் செய்வார்கள்; திருத்தத்துக்கு முந்தைய பிழைதான் போய்ச் சேரும். மேடை, பாசறை, முகப்பு எல்லாமே கோப்பு போய் நிற்கிற இடம் என்ற எண்ணத்தைத் தரும். அதே தடுமாற்றத்தைச் சொல்லே கற்றுக்கொடுத்துவிடும்.

என் பரிந்துரை சிட்டை. கடைக் கணக்கில் நடந்ததை முதலில் சிட்டையில் குறித்து, பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார்கள். குறித்த பின் சரக்கு மாறினால் சிட்டை தானாக மாறாது, திரும்ப எழுத வேண்டும். சிட்டையேற்று, சிட்டையிலிருந்து நீக்கு, சிட்டையேறிய மாற்றம், சிட்டையேறாத மாற்றம்: நான்கு வடிவமும் வருகின்றன.

தேவகோட்டை:
தம்பி சொன்ன காரணம் சரி. மேடையைத் திரும்பப் பெறுகிறேன்.

குன்றக்குடி:
சிட்டை உருது. சிட்டாவின் திரிபு. பட்டா சிட்டா என்று வருவாய்த் துறையில் புழங்குவதாலேயே தமிழாகிவிடாது. பேரேடும் ஐந்தொகையும் நல்ல தமிழாகக் கைவசம் இருக்க, இதற்கு மட்டும் ஏன் கடன்? குறிப்பேடு என்று வையுங்கள்.

புதுவயல்:
குறிப்பேடு மாணவர் கையிலிருக்கும் நோட்டு. ‘குறிப்பேட்டில் எழுதி வா’ என்றால் பேனாவை எடுப்பார்கள். கிட் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் ரெப்பாசிட்டரிக்கு நம் பக்கத்துக் கிட்டங்கியைச் சொல்லலாமா? பண்டகசாலைதானே. கிட் என்ற ஒலியும் பொருந்துகிறது.

குன்றக்குடி:
தெலுங்கிலும் அந்தச் சொல் உண்டு. ஒலி ஒத்தால் போதும் என்று போனால் கலைச்சொல் தேறாது. களஞ்சியம் ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம்.

தேவகோட்டை:
எந்தச் சொல்லானாலும் ஆட் கட்டளையின் -பி விருப்பத்தை அந்த இயலில் விரிவாகச் சேருங்கள். மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டிக் கேட்கும். ஒய் விசை ஏற்றும், என் விசை விடும், எஸ் விசை துண்டைப் பிளக்கும். மாறிய வரிகள் இடையில் மாறாத வரி இல்லாமல் ஒட்டியிருந்தால் எஸ் வேலை செய்யாது. இ அழுத்திக் கையால் திருத்த வேண்டும். கூட்டல் குறியோடு வரும் வேண்டாத வரியை அழித்துவிடலாம். கழித்தல் குறியோடு வரும் வரியை அழிக்கக் கூடாது, கழித்தல் குறி இருந்த இடத்தில் ஒரு இடைவெளி வைக்க வேண்டும். அழித்தால் அந்தத் துண்டு பொருந்தாது என்று கிட் மறுத்துவிடும்.

இன்னொன்று. வி.எஸ். கோடு எடிட்டரில் எதையும் ஏற்றாமல் கமிட் அழுத்தினால், எல்லாவற்றையும் ஏற்றிக் கமிட் செய்யட்டுமா என்று கேட்கும். ‘எப்போதும்’ என்று சொல்லிவிட்டால் பிறகு கேட்பதே இல்லை. கடவுச்சொல் வைத்த கோப்பும் சேர்ந்து போகும். அந்த ‘எப்போதும்’ பொத்தானைத் தொட வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

கானாடுகாத்தான்:
தமிழ்க் கோப்புப் பெயர்களையும் சேர்க்க வேண்டும், அண்ணே. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். கிட் ஸ்டேட்டஸ் அவற்றை 340, 256 என எட்டின் அடிமான (ஆக்டல்) எண்களாகக் கொட்டும். கோப்பு கெட்டுவிட்டதென்று மாணவர்கள் பயப்படுவார்கள். கோர்.குவோட்பாத் (core.quotePath) அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் பெயர் தமிழிலேயே தெரியும்.

பள்ளத்தூர்:
மூன்றையும் சேர்த்துவிட்டேன், நன்றி. ஏற்றியதை நீக்க ரீஸ்டோர் கட்டளையைக் கொடுத்திருக்கிறேன். அது 2019இல் வந்த 2.23 பதிப்பிலிருந்துதான் உண்டு. ஆய்வகத்தின் பழைய கணினிகளுக்கு ரீசெட் வழியும் இருக்கும்.

சொல்லுக்கு வருவோம். மூவர் சிட்டை, ஒருவர் பாசறை அல்லது குறிப்பேடு. நூலில் சிட்டை என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘ஸ்டேஜிங் ஏரியா’ என்றும் எழுதுகிறேன்.

குன்றக்குடி:
அச்சு வேலை நிற்க வேண்டாம், போடுங்கள். என் மறுப்பு அப்படியே இருக்கிறது. பின்னிணைப்புச் சொற்பட்டியலில் பாசறையையும் குறியுங்கள். அதைவிட அவசரமான ஒன்று: கமிட்டுக்குப் ‘பதிவு’ என்றும், எடிட்டர் இயலில் சேவ் செய்வதற்குப் ‘பதிவுசெய்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோப்பைச் சேமித்ததுமே கமிட் ஆகிவிட்டதாக மாணவர் எடுத்துக்கொள்வார்கள். இரண்டில் ஒன்றை வெள்ளிக்குள் மாற்றியாக வேண்டும்.