தோளில் போட்ட துண்டைத் தரையில் விரிக்கலாமா?

சீவாளி:
நான் காரைக்குடிக்காரன். தாத்தா, அப்பா, நான், மூன்று தலைமுறையாக நாகஸ்வரம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அம்மன் கோயில் திருவிழாவாவது இருக்கிறதே என்றால், அங்கே செண்டை மேளத்தைக் கூப்பிடுகிறார்கள். போன வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். முன்னால் துண்டு விரித்திருந்தேன். கூடவே சுருதி பிடிக்கும் ஒத்துக் குழலுக்குப் பதில் சுருதிப்பெட்டி. ஐந்தரைக்கு எண்ணிப் பார்த்தால் 340 ரூபாய்.

வெயிலில் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் பகுதி, காய்ந்துகொண்டே இருந்தது, வாயில் வைத்து வைத்து நனைத்தேன். கரகரப்பிரியாவுக்கு ஒருவரும் நிற்கவில்லை. புன்னாகவராளியில் மகுடி எடுத்ததும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் கையைப் படமாக்கிப் பாம்பாட்டம் ஆடினான். அப்புறம் கைப்பழக்கத்தில், சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி கம்பீரநாட்டையில் வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் போன ஓர் ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, தெருக்கோடியைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். "சாமி எங்கப்பா வருது?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அப்பா ஒரு வாரமாகப் பேசவில்லை. நான் செய்தது தப்பா?

பழைய தவில்:
தப்புதான் தம்பி. துண்டு என்றால் நமக்கு என்ன என்று தெரியுமா? சுயமரியாதை இயக்கக் காலத்தில், உனக்குப் பக்கத்து ஊர் கானாடுகாத்தானில், மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு ஊர்வலத்தில் வாசித்தார். நாகஸ்வரக்காரன் தோளில் துண்டு போடுவது மரியாதைக் குறைவு என்று எடுக்கச் சொன்னார்கள். இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி குறுக்கே நின்று, எடுக்காமல் வாசிக்கச் சொன்னார். அப்படித் தோளில் நின்ற துண்டை நீ சில்லறைக்கு விரித்திருக்கிறாய்.

தேவகோட்டையான்:
அண்ணே, தியாகராஜரே திருவையாற்றுத் தெருவில் பாடிக்கொண்டு உஞ்சவிருத்தி எடுத்தவர்தானே? ஆராதனையில் இன்றைக்கும் உஞ்சவிருத்தி ஊர்வலம் போகிறது. அதை யாரும் பிச்சை என்பதில்லை.

பழைய தவில்:
அது விரதம். அவர் வாங்கியது அன்றன்றைக்கு அரிசி. இவன் சுருதிப்பெட்டி வைத்துக் கல்லா கட்டியிருக்கிறான். இரண்டையும் ஒன்றாக்காதே.

தேவகோட்டையான்:
சரி, வாங்கியது அரிசியா ரூபாயா என்பதுதான் வித்தியாசமா? சட்டமும் உங்களை மாதிரியே பேசுகிறது. 1959ஆம் ஆண்டு பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டத்தில், பொது இடத்தில் பாடியோ ஆடியோ காசு வாங்கினாலும் பிச்சைதான். டெல்லியில் அந்தச் சட்டத்தின் பல பிரிவுகளை 2018இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் 2003இலிருந்து உரிமம் கொடுத்து, இடம் ஒதுக்கி வாசிக்க விடுகிறார்கள். காரைக்குடியும் இப்போது மாநகராட்சிதானே, ஒரு மரத்தடியை ஒதுக்கினால் என்ன?

மரச்சாமான்:
நான் அதே தெருவில் கடை வைத்திருப்பவன். தம்பி நன்றாக வாசித்தார், குறை சொல்லவில்லை. ஆனால் நாகஸ்வரம் கோயில் வாசலுக்கும் நாலு வீதிக்கும் கேட்கச் செய்தது. பத்தடி தூரத்தில் இருந்தால் என்ன ஆகும்? பர்மா தேக்குப் பெட்டிக்கு ஒருவர் விலை கேட்டார், நான் சொன்னது அவர் காதில் விழவில்லை, கையை விரித்துக் காட்டினேன். ஐநூறு என்று நினைத்துவிட்டார். மானம், மரியாதை எல்லாம் நீங்கள் பேசுங்கள், எனக்கு வேண்டியது நேரமும் தூரமும்தான். ஐந்து மணிக்கு மேல் வரட்டும், தெருமுனையில் உட்காரட்டும்.

சீவாளி:
கடைக்காரர் அண்ணே, மன்னிக்கணும், அது எனக்குத் தோன்றவே இல்லை. இனி முனையில்தான்.

தவில் மாமாவுக்கு ஒன்று. தோளில் துண்டோடுதான் கல்யாண வீடுகளுக்குப் போகிறோம். நான் ஆலாபனை எடுக்கும்போது பக்கத்தில் டிஜே பெட்டியைத் திறக்கிறார்கள். கெட்டிமேளத்துக்கு மட்டும் கையை ஆட்டிக் கூப்பிடுகிறார்கள். போன தையில் ஒரு வீட்டில் பேசிய பணத்துக்கு மூன்று மாதம் நடந்தேன். அங்கே துண்டு தோளில்தான் இருந்தது. தெருவில் பத்து ரூபாய் போட்டவர் நின்று கேட்டுவிட்டுப் போட்டார். இதில் எது கௌரவம் என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

பழைய தவில்:
கல்யாண வீட்டு அவமானத்தை என்னிடம் சொல்லாதே, நாற்பது வருடம் பார்த்தவன். அதற்குத் தெரு மருந்து இல்லை. மகுடி வாசி, தெம்மாங்கு வாசி, பிழைப்பு, போகட்டும். மல்லாரி கூடாது. அது சாமி புறப்பாட்டுக்கு. அந்த ஆச்சி செருப்பைக் கழற்றினாரே, அவரை ஏமாற்றிவிட்டாய். இன்னொன்று, தவில் இல்லாமல் மல்லாரி என்ன மல்லாரி? தவில் தொடக்கத்தில் முழக்கும் அலாரிப்பைச் சுருதிப்பெட்டியா கொடுக்கும்?

சீவாளி:
ஆச்சி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி மாமா. இனி மல்லாரி வாசிக்கமாட்டேன். நீங்கள் வந்தால் மட்டும் வாசிக்கிறேன்.

பழைய தவில்:
வரமாட்டேன். வெயிலில் சீவாளியை ஈரத்துணியில் சுற்றி வை, வாயில் வைத்து நனைத்துக்கொண்டே இருந்தால் உதடு வெடித்துப் போகும்.