'வேர்முடிச்சு' வேண்டாம், 'வேர்ச்சிமிழ்' ஆகட்டும்

ஐயா, வணக்கம்.

அவரையினச் செடிகளின் வேரில், காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியா குடியிருக்கும் சிறு புடைப்பான ரூட் நாட்யூலுக்கு 'வேர்முடிச்சு' பாடநூல்களிலேயே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல் ஏற்கெனவே ஒரு நோய்க்குப் பெயராகிவிட்டது என்பதுதான் என் கவலை. மெலாய்டோகைனி என்னும் நூற்புழு வேருக்குள் புகுந்து உண்டாக்கும் வீக்கத்தை வேளாண் துறையினர் வேர்முடிச்சு என்றே எழுதுகிறார்கள். அந்தப் புழுவுக்கே வேர்முடிச்சு நூற்புழு என்று பெயர். பயிரை வாட்டுவதற்கும் வளர்ப்பதற்கும் ஒரே பெயர் இருக்கலாமா?

ஒரு பீன்ஸ் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை நீரில் அலசிப் பாருங்கள். ரைசோபியம் என்னும் அந்தப் பாக்டீரியா குடியிருக்கும் உருண்டை வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் நெருடினால் தனியே வந்துவிடும். புழு உண்டாக்கிய முடிச்சு அப்படி வராது. அங்கே வேரே அல்லவா தடித்திருக்கிறது! முடிச்சு என்னும் சொல் அதற்குத்தான் பொருந்தும்.

நாட்யூலுக்கு மாற்றாக 'வேர்முண்டு' என்றால் பரவாயில்லை. ஆனால் அது புடைப்பை மட்டுமே சொல்கிறது. 'சிறுகணு' என்றால் தண்டில் இலை துளிர்க்கும் கணுதான் நினைவுக்கு வருகிறது.

அந்த உருண்டையைப் பிளேடால் நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. லெக்ஹீமோகுளோபினின் நிறம் அது. நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரோஜினேஸ் நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்சிஜன் வேண்டும். அதனால் காற்று எளிதில் புகாத அறையொன்றைச் செடி கட்டிக்கொடுக்கிறது; அதற்குள் இந்தச் சிவப்புப் புரதம் ஆக்சிஜனை அளந்து அளந்து வழங்குகிறது. ஒன்றைப் பத்திரமாக வைப்பதற்கென்றே செய்த மூடிய சிறு கலத்துக்குத் தமிழில் சிமிழ் என்று பெயர். திறந்தால் உள்ளே செந்நிறம் வேறு. ஆகவே வேர்ச்சிமிழ்.

கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. நாட்யூல் உருவாவதாகிய நாட்யுலேஷன், சிமிழாக்கம். பாக்டீரியா வேருக்கு அனுப்பும் நாட் காரணி, சிமிழாக்கக் காரணி. உள்ளே வெளிறி, நைட்ரஜனை நிலைநிறுத்தாமல் கிடப்பதை வெற்றுச்சிமிழ் எனலாம். 'முண்டாக்கம்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், வேறுபாடு காதுக்கே தெரியும்.

நைட்ரஜன் ஃபிக்சேஷனுக்கு வழங்கும் 'நிலைநிறுத்தம்' அப்படியே இருக்கட்டும். குறை ஒன்றும் இல்லை.

ஒரே இடத்தில்தான் எனக்குத் தயக்கம். பட்டாணியில் நுனி தொடர்ந்து வளர்வதால் நாட்யூல் நீண்டிருக்கும். சிமிழ் என்றதும் உருண்டைதான் மனத்தில் தோன்றுகிறது. 'நீள்சிமிழ்' என்று அடைகொடுத்தால் போதுமா? பட்டாணி வேரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.