"கண்ணாடி வாங்காததற்கு அபராதமா?": கண் பரிசோதனை அறை நடத்துபவர்கள், போய் வந்தவர்கள் அனுபவம் பகிரலாம்

கழனிவாசல் கண்ணாடி:

மூன்று வாரமாகியும் மனத்தை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். காரைக்குடியில் சொந்தமாகக் கண் பரிசோதனை அறை வைத்து இது ஆறாவது ஆண்டு. நான் கண் மருத்துவர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட்; பார்வையை அளந்து கண்ணாடிக்கு எழுதிக் கொடுப்பவன். வித்தியாசம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார், வயது எழுபதுக்கு மேல். "பவர் மாறிவிட்டது தம்பி, கண்ணாடியை மாற்றிக் கொடு" என்றார். ஒரே ஆண்டில் மூன்று கடைகளில் மூன்று கண்ணாடி போட்டிருக்கிறார். பவர் பார்க்கும் ரெட்டினாஸ்கோப்பில் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப்பில் உட்காரவைத்துப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் நன்றாக முற்றிப் பழுப்பேறியிருந்தது. கண் நீர் அழுத்தமும் பார்த்தேன். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். "ஐயா, இனி எந்தக் கண்ணாடியும் உதவாது, மதுரைக்குப் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கட்டணம் 150 ரூபாய் என்றேன்.

சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று நூறு, ஒன்று ஐம்பது. நீலத்தையும் ஊதாவையும்தான் புரை முதலில் கலங்கடிக்கும். புது ஐம்பது நீலம், புது நூறு ஊதா. இரண்டையும் மூக்கருகே கொண்டுபோய் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டு, "கண்ணாடி வாங்காததற்கு அபராதமா தம்பி?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் கணக்கு நோட்டு இருக்கிறது: வாடகை 14,000, உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு 11,000, கருவிகளுக்கு வாங்கிய கடனின் தவணை 16,500, மின்சாரம் 4,500, பார்சல், தொலைபேசி, இதர செலவு 4,000. மாதம் 50,000. இருபத்தைந்து வேலை நாள் என்றால், ஷட்டரைத் தூக்குவதற்கே நாளொன்றுக்கு 2,000 ரூபாய். எட்டுப் பேர் வந்தால் அது நல்ல நாள். தலைக்கு 250 ஆகிறது, நான் கேட்டது 150. இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வராததற்குக் காரணம், என் தலைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த பலகை: "கண்ணாடி வாங்குவோருக்குப் பரிசோதனை இலவசம்." அப்படியானால் அவர் சொன்னதுதானே சரி?

பள்ளத்தூர் வளவு:

நான் இந்தத் தொழிலில் இல்லை, வீடு வைத்திருப்பவள். ஈராண்டுக்கு முன் எங்கள் வீட்டின் முன்பகுதியை வாடகைக்குக் கேட்டு ஒரு பெண் வந்தது, கண் பரிசோதனைக்குப் படித்த பெண். கையில் அளவு நாடா. நீளமான பட்டாலைக் கூடத்தின் ஒரு முனையில் என்னை நாடாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுமுனைக்கு நடந்தது. ஆறு மீட்டர் போயும் இடம் மிச்சம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஆச்சி, கடைத்தெருவில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 12,000 கேட்கிறார்கள். அங்கே எதிர்ச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, அதற்குள்ளே எழுத்தைக் காட்டித்தான் தூரத்தை உண்டாக்க வேண்டும். இங்கே தூரம் தானாகவே இருக்கிறது" என்றது. சுவரை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுத் தயங்கியது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பூச்சு, முகம் தெரியும் அளவுக்கு மின்னும். எழுத்துப் பலகையின் விளக்கு அதில் பட்டுக் கூசுமாம். ஒரு துணித் திரை போதும் என்று அதற்கும் வழி சொன்னது.

வாடகை 6,000 என்று பேசினோம். ஆனால் வீடு நான்கு புள்ளிக்கு, அதாவது நான்கு பங்காளிக் குடும்பத்துக்கு, பொது. மூன்று பேர் சரி என்றார்கள். கோலாலம்பூரில் இருக்கும் கொழுந்தனார் மட்டும், "முகப்பில் இருக்கும் கஜலட்சுமி மேலேயா கடைப் பலகையை மாட்டுவார்கள்?" என்று ஒரே கேள்வி கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு மாதம் பதிலே சொல்லவில்லை. அந்தப் பெண் கடைசியாக வந்தபோது எதற்காகவோ இன்னொரு முறை அளந்து பார்த்தது. பிறகு பொத்தானை அழுத்தியதும் நாடா சர்ரென்று உள்ளே போனது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அறை இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது.

ரயிலடிவாசி:

எல்லோரும் கடைக்காரர் கண்ணீரையே எழுதுகிறீர்கள். வாங்குகிறவன் கதையையும் கேளுங்கள். காரைக்குடியில்தான், ஒரு கடையில் கண் பார்த்துச் சீட்டு வாங்கினேன். இணையத்தில் கண்ணாடி வாங்கலாம் என்று பார்த்தால் பி.டி. கேட்கிறது. சீட்டில் அது இல்லை. திரும்பிப் போய்க் கேட்டேன். கடைக்காரர் சீட்டை வாங்கினார், பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார். "வெளியில் வாங்குவதற்கா? அப்படியானால் அளப்பதற்கு 100 ரூபாய்." இரண்டு கண்மணிகளுக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல நூறு ரூபாய்! ஒரு அடிக்கோல் போதாதா?

கழனிவாசல் நண்பருக்கு ஒன்று. நாங்கள் பரிசோதனைக்குக் காசு தராமல் ஏமாற்றவில்லை. 500 ரூபாய் பிரேமுக்கு 1,500 தருகிறோமே, அது எதற்கு?

கழனிவாசல் கண்ணாடி:

அதற்குத்தான். வாத்தியாரைப் பார்த்த நாற்பது நிமிடத்துக்கு நீங்கள் வாங்கும் பிரேம்தான் காசு தருகிறது. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. அடிக்கோல் பற்றி: ஒரே பவர் உள்ள சாதாரணக் கண்ணாடிக்கு ஓரளவு ஒப்பேறும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் மாறிக்கொண்டே போகும் புரோகிரசிவுக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும், பிரேமை முகத்தில் மாட்டிக் கண்மணி எந்த உயரத்தில் நிற்கிறது என்று புள்ளி வைக்கவும் வேண்டும். அதை எந்தச் சீட்டிலும் முன்கூட்டியே எழுத முடியாது. ஆனால் பேனாவை மூடியது தவறு. நானும் ஒரு காலத்தில் மூடியிருக்கிறேன்.

தேவகோட்டைப் பழையவர்:

முப்பத்தொரு வருடம் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் அனுபவம் சின்னது. ஒரு கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் ஒரே நாளில் நான்கு புரோகிரசிவ் சொன்னார்கள். லென்ஸை வெட்டிப் பொருத்தித் தரும் மதுரை லேபிலிருந்து பஸ் பார்சலில் வந்து சேர்ந்தபோது அவர்கள் திருச்சி விமான நிலையத்தில் இருந்தார்கள். டாக்சி பிடித்துக் கொண்டுபோய், வாசலில் நின்றபடி மூக்குத் தாங்கியை வளைத்து மாட்டிவிட்டேன். அவர்களில் ஒரு ஆச்சி கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துவிட்டு, "தரை ஏன் தம்பி பள்ளமாக இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார். பழகினாரா, கழற்றி வைத்துவிட்டாரா, இன்றுவரை தெரியாது.

கழனிவாசல் தம்பிக்குச் சில விஷயம் சொல்கிறேன். முதலில் பிரேம். சுவர் நிறைய மாட்டினால்தான் கடை என்று நினைக்காதே. 150 போதும். மீதி எல்லாம் சுவரில் தொங்கும் பணம். இரண்டு வருடத்தில் மோஸ்தர் போய்விடும். எடுத்துப் போட்டுப் பார்க்கிறவர்களின் வியர்வையில் மெட்டல் பிரேம் திருகாணி ஓரத்தில் பச்சை பிடிக்கும், அப்புறம் பாதி விலைக்கும் போகாது. இரண்டாவது, லென்ஸ் வெட்டும் மெஷின் வாங்கிவிடாதே. நான் வாங்கினேன். ஒரு நாளைக்குப் பத்து ஜோடி வெட்டினால்தான் அது தன் சோற்றைத் தானே தின்னும், மூன்று ஜோடிக்கு லேபுக்கு அனுப்புவதே லாபம். மூன்றாவது, ஆக்சிஸ். சிலிண்டர் என்னும் ஒரு திசைப் பவரை எந்தக் கோணத்தில் வைப்பது என்ற எண் அது. என் கடைப் பையன் 80 என்பதை 180 என்று எழுதிவிட்டான், சிலிண்டர் படுத்துக்கொண்டது. லென்ஸ் இரண்டும் குப்பை, லேப் மாற்றித் தரவில்லை. ஆர்டர் எழுதியதும் வேறொருவர் உரக்கப் படிக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். நான்காவது, வரி. 22 செப்டம்பர் 2025 முதல் பவர் கண்ணாடி, லென்ஸ், பிரேம் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 ஆனது. மறுநாள் காலையே ஒருவர் செய்தித்தாளோடு வந்துவிட்டார், முந்தின வாரம் வாங்கிய கண்ணாடிக்கு ஏழு சதவீதம் திருப்பிக் கொடு என்று. பவர் இல்லாத கூலிங் கிளாசுக்கு இன்னும் 18தான். அதையும் குறைத்துவிட்டார்கள் என்று சண்டை போடுபவர்களுக்காக ஒரு தாளில் எழுதி ஒட்டிவை. ஐந்தாவது, பள்ளிக்கூடங்களுக்குப் போ. ஆறாவது,

புதுவயல் பட்டதாரி:

ஐயா, ஆறாவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அறிவுரை கேட்கவில்லை.

நானும் படித்துவிட்டுக் கடை போட்டவன்தான். பதினான்கு மாதம் நடத்தினேன். என்னை வீழ்த்தியது வாடகையோ தவணையோ இல்லை, இலவசக் கண் முகாம். அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து ஒருவரும் படியேற மாட்டார்கள், "அடுத்த ஞாயிறு இலவசமாகப் பார்க்கிறார்களே" என்பார்கள். முகாம் முடிந்து இரண்டு வாரம் வரை அதே நிலைதான்.

அப்படி ஒரு ஞாயிறு. பள்ளிக்கூட மைதானத்தைச் சைக்கிளில் கடந்தேன். வரிசை வேப்பமரம் வரை வந்திருந்தது. வரிசையில் என் அம்மா. என்னைப் பார்த்ததும் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெயிலுக்கு மூடுவதுபோல.

வீட்டில் நான் எதுவும் கேட்கவில்லை. இரவு சோறு போடும்போது அவரே சொன்னார்: "உன்னிடம் பார்த்தால் ஒரு பிரேம் குறையும் அல்லவா? அதை யாருக்காவது விற்கலாமே என்றுதான்." வெள்ளெழுத்துக் கண்ணாடி, ஒன்றே முக்கால் பவர். என் கடையில் அதன் அடக்கவிலை 180 ரூபாய்.

முகாம்காரர்கள் மீது கோபப்படவும் முடியவில்லை. 1976இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கையோடு தொடங்கியதுதான் அரவிந்த் மருத்துவமனை. அங்கிருந்து ஊர் ஊராகப் போன முகாம்கள் இல்லையென்றால் எங்கள் அப்பத்தாவுக்குக் கடைசிவரை பார்வை கிடைத்திருக்காது. இப்போது கோயம்புத்தூரில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறேன். எட்டுப் பேர் வந்தாலும் எண்பது பேர் வந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

ரயிலடிவாசி:

அம்மா கதை படித்தேன். பி.டி. விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

கழனிவாசல் கண்ணாடி:

மாற வேண்டாம். நேற்றிலிருந்து பி.டி.யைச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறேன், தனிக் கட்டணம் இல்லை. பலகையையும் கழற்றிவிட்டேன். கண்ணாடி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பரிசோதனை 150, பிரேம் விலையில் அந்த 150ஐக் குறைத்து எழுதியிருக்கிறேன். இன்று காலை வந்த ஒருவர், பக்கத்துக் கடையில் இலவசம் என்று சொல்லிவிட்டு வாசலோடு போய்விட்டார். வாத்தியார் மதுரைக்குப் போனாரா என்று தெரியவில்லை. அவர் சொல்லிவிட்டுப் போன தெருவில் விசாரித்தேன், மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள். சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிகிறது. உட்காருகிறவர்கள் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள்.

தேவகோட்டைப் பழையவர்:

அதில் ஒரு காலண்டரை மாட்டிவிடு தம்பி. ஆறாவது விஷயமும் அதுதான்: சுவரைக் காலியாக விடாதே.